வாய்க்காலுக்கு மேலே

கம்பம்
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்ததில் எங்கள் வீட்டிலும் மகிழ்ச்சி. குமுளி பஸ்ஸில் போனபோது, ‘வழியெல்லாம் இயற்கையின் பசுமை’ என்று உருகி எழுதியிருந்தாயே, படித்துச் சிரித்துவிட்டேன். இந்த மண்ணில் பிறந்தவனே இப்படி எழுதலாமா? இறங்காமல் போனதற்குத் தனியே சண்டை பாக்கி இருக்கிறது.

அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, 1895-இல் கிழக்கே திருப்பியதால் வந்த பச்சை அது. அந்தத் தண்ணீர் லோயர்கேம்ப்பில் இறங்கி, வைகையில் சேர்ந்து, பேரணை என்ற இடத்தில் பிரிந்து மேலூர் வரை போகிறது. நம் பள்ளத்தாக்குக்கு இருபோக நெல் 14,707 ஏக்கர். அப்பா இந்த எண்ணை வீட்டுக் கதவிலக்கம் போலச் சொல்வார். வாய்க்காலுக்குக் கீழே நஞ்சை. அதற்கு மேலே ஒரு முழம் உயர்ந்தாலும் மானாவாரி. மேட்டுக்காட்டில் எங்கள் ஆட்டை மேய்க்க நீயும் வருவாய், நினைவிருக்கிறதா? அங்கிருந்து பார்த்தால் கோடு கிழித்தது போலத் தெரியும்.

மோட்டார் வந்து அந்தக் கோட்டை அழித்துவிட்டது. ஆற்றோரம் கிணறு வெட்டி, குழாய் பதித்து, மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். நாம் ஆடு மேய்த்த இடத்தில் இப்போது மச்சானின் திராட்சைத் தோட்டம். நேற்றுப் போயிருந்தேன். கல்தூண், கம்பிப் பந்தல். என் உயரத்துக்குக் குனிந்துதான் நடக்க வேண்டும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்ததில் இலையெல்லாம் நீலம் பூத்துக் கிடந்தது. கொடியைக் கழித்துக் கவாத்து செய்து நான்கு மாதத்தில் பழம் வெட்டலாம் என்பதால், ஒரு பந்தலில் பூ, பக்கத்துப் பந்தலில் பழம். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே என்றேன். “அதைச் சொன்னால் வியாபாரி கூட ஒரு ரூபாய் தருவானா?” என்கிறார். அவர் போட்டிருப்பது மூன்றாவது ஆழ்துளைக் கிணறு. முதல் இரண்டும் வறண்டுவிட்டன.

எனக்கு மேட்டைப் பற்றிக்கூட அவ்வளவு வருத்தமில்லை. கீழே, வாய்க்கால் தண்ணீர் தானாகப் பாயும் நஞ்சையில் மனைக்கல் நடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. உங்கள் பெரியப்பா வயலிலும் நட்டாயிற்று.

பெரியாறு அணையில் நீர் இருந்தால் ஜூன் முதல் தேதி திறப்பார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதை மதகடியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ராசு