நுரைக் குச்சியும் இரண்டு பற்றறியும்

உ
சிவமயம்

கொக்குவில்,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். நீயும் மருமகனும் குஞ்சுவும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டுகிறோம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டது. நேற்றுத் திருநெல்வேலிச் சந்தைக்கு நடந்தே போய், முருங்கைக்காய்க்கு விலை பேசிச் சண்டையும் பிடித்துவிட்டு வந்தா.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பெடியன் புதன்கிழமை ரொறன்ரோவுக்கு வருகிறான். அவனிடம் ஒரு பார்சல் கொடுத்துவிடுகிறோம். இந்தக் கடிதமும் அதற்குள்தான். போனில் என்றால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். இதென்றால் குசினியில் ஒட்டிவைத்துப் பார்த்துச் செய்யலாம்.

விஷயம் ஆவியால் பாலை நுரைக்க வைக்கிற அந்தக் கோப்பி மெஷின். அறுநூறு டொலர், வாங்கட்டா என்று கேட்டாய். நான் பிறகு சொல்கிறேன் என்றேன். ஏனென்றால் போன வருடம் நீ அனுப்பின நுரைக் குச்சி, பற்றறியில் சுழன்று பாலை நுரைக்க வைக்கிறது, அலுமாரிக்குள் பெட்டியோடு கிடந்தது. அதை எடுத்து மூன்று கிழமையாய்ச் செய்து பார்த்துவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன். வாங்காதே பிள்ளை. இப்போதைக்கு வேண்டாம்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் சிரிப்பாய். கோப்பை நிறையப் பாலை விட்டு, குச்சியை மேலே பிடித்தபடி பொத்தானை அமத்திவிட்டேன். கலண்டரில் பால், யன்னலில் பால், என் மூக்குக்கண்ணாடியில் பால். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கதைக்கவில்லை. துடைக்கிற துணியைக் கொண்டுவந்து என் தோளில் போட்டுவிட்டுப் போனா. ஆகவே, குச்சியின் சுருள் பாலுக்குள் இறங்கிய பிறகுதான் அமத்த வேண்டும், நின்ற பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். பால் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நுரைத்தால் அது இரண்டு மடங்காகும், அதற்கும் இடம் வேண்டும்.

இன்னொன்று. அந்தக் குச்சிக்கு இரண்டு பற்றறி. 90களில் யுத்தத்துக்குள் அரசாங்கம் சாமான்களுக்குத் தடை போட்டிருந்த காலத்தில் பற்றறி யாழ்ப்பாணத்துக்குள் வர ஏலாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். ஒழுங்கையே எங்கள் முற்றத்தில் நின்று செய்தி கேட்கும். நீ அம்மாவின் மடியில். அதே முற்றத்தைப் பார்த்துக்கொண்டு, பால் நுரைக்கவென்று இரண்டு பற்றறி போடுகிறபோது கை கொஞ்சம் கூசியது. சரி, அது வேறு கதை.

நுரை எங்கிருந்து வருகிறது என்று பக்கத்து வீட்டு ரீச்சரிடம் கேட்டேன். அவ விஞ்ஞானம் படிப்பித்தவ. பாலில் உள்ள புரதம்தான் காத்துக் குமிழைச் சுற்றித் தோல்போல நின்று உடையவிடாமல் பிடிக்கிறது என்றா. எனக்கு உடனே அம்மம்மாவின் முட்டைக்கோப்பி ஞாபகம் வந்தது. முட்டையை உடைத்துச் சீனி போட்டு வெள்ளை வெளேரென்று வரும்வரை கரண்டியால் அடித்து, கொதிக்கிற கோப்பியை மெல்ல மெல்ல விடுவாவே, மேலே ஒரு விரற்கடை நுரை நிற்குமே. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பாய். அதுவும் இதே வேலைதான் என்று ரீச்சர் சொன்னா. முட்டையில் இருக்கிறதும் புரதம்தானே. அம்மம்மாவுக்கு மெஷினும் இல்லை, பற்றறியும் இல்லை.

இனி, பாலைச் சூடாக்குகிற விதம். இதில்தான் எல்லாம் இருக்கிறது. நீ அனுப்பின வீடியோவில் 60 முதல் 65 பாகை என்கிறார்கள். ரீச்சரிடம் வெப்பமானி இரவல் வாங்கிப் பார்த்தேன், சரிதான். 70ஐத் தாண்டினால் பால் வேகிற மணம் வரும், இனிப்பும் போய்விடும், நுரையும் சொரசொரப்பாய் நின்று கெதியாய் அமுங்கும். உன்னிடம் வெப்பமானி இல்லையென்றால் சட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வை. மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டி வந்தால் காணும், அடுப்பை நிறுத்து. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் கட்டத் தொடங்கிவிட்டால் பிந்திவிட்டாய். நீ பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பார்க்கிறவள், எனக்குத் தெரியும்.

எங்களுக்கு இங்கே வேறு கரைச்சல். பால்காரர் போத்தலில் கொண்டுவருகிற பசும்பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்க ஏலாது. முதலில் காய்ச்சி, ஆறவைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, ஆடையைச் சுத்தமாய் எடுத்துவிட்டு, பிறகு திரும்ப அளவாய்ச் சூடாக்க வேண்டியிருக்கிறது. ஆடையை எடுக்காமல் ஒரு நாள் செய்தேன். சுருளில் சவ்வு சவ்வாய்ச் சுற்றிக்கொண்டது. உங்கள் பை பாலில் அந்தக் கரைச்சல் இல்லை, நேரே சட்டியில் விடலாம்.

எந்தப் பால் என்று கேட்டாய். நாங்கள் வந்து நின்றபோது உன் குளிர்ப்பெட்டியில் பார்த்தேன், 3.25 வீதக் கொழுப்பு, 2 வீதம், கொழுப்பே இல்லாதது என்று ஒரு வரிசை. கொழுப்பில்லாத பால்தான் மலைபோல நுரைக்கும். ஆனால் வாயில் வைத்தால் சவர்க்கார நுரை மாதிரி ஒன்றுமில்லாமல் போகும். முழுப்பாலில் நுரை குறைவு, ஆனால் மெத்தென்று இருக்கும், கோப்பியோடு சேர்ந்து இறங்கும். என்னைக் கேட்டால் முழுப்பால். ஒன்றைக் கவனி. முழுப்பாலை நன்றாய்க் குளிராகவோ அளவாய்ச் சூடாகவோ இருக்கும்போது அடி. மேசையில் வைத்து வெதுவெதுப்பாய்ப் போன பால் நுரைக்காது. கொழுப்பு பாதி இறுகி பாதி இளகி நின்று குமிழை உடைத்துவிடுமாம். நுரை போதவில்லையென்றால் கொழுப்பில்லாத பால்மா ஒரு தேக்கரண்டி கரைத்துவிடு. புரதம் கூடும், நுரை நிற்கும்.

இங்கே பசுப்பால் கிடைக்காத நாளில் பால்மாவைக் கட்டியாய்க் கரைத்துச் செய்து பார்த்தேன். பரவாயில்லை, கடையில் கொடுக்கலாம். ரீச்சர் வீட்டு ஆட்டுப்பாலில் நுரை வந்தது, ஆனால் கோப்பியில் விட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டது. தேங்காய்ப்பாலிலும் முயன்றேன். ஏன் முயன்றேன் என்று கேட்காதே. எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது, அம்மா அதைக் கத்தரிக்காய்க் குழம்புக்குள் விட்டுவிட்டா. மருமகன் குடிக்கிற ஓட்ஸ் பாலில், பெட்டியில் பரிஸ்டா என்று எழுதியதை வாங்கச் சொல்லு. அதில் எண்ணெயும், கோப்பிக்குள் திரையாமல் இருக்க ஒரு சேர்மானமும் போட்டிருப்பார்கள்.

குச்சி பிடிக்கிற விதம். கோப்பையைக் கொஞ்சம் சரித்துப் பிடி. முதல் பத்து விநாடி சுருள் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மட்டும் இருக்க வேண்டும், காத்து உள்ளே போகிற நேரம் அதுதான். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும். பிறகு குச்சியை அடிக்கு இறக்கி, பால் சுழலும்படி இன்னும் இருபது விநாடி பிடி. பெரிய குமிழ்கள் அதற்குள் இழுபட்டுச் சின்னதாகும். நிறுத்தி, கோப்பையை மேசையில் இரண்டு தரம் தட்டி, வட்டமாய் ஆட்டு. மேலே புதுப் பெயின்ற் பூசினதுபோல மினுக்கம் வந்தால் சரி. மினுக்கமில்லாமல் பஞ்சுபோல நின்றால் காத்து கூடிவிட்டது. கோப்பையில் சவர்க்காரமோ எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. மீன் பொரித்த சட்டியைக் கழுவிய பஞ்சால் இதைத் தேய்க்காதே.

குச்சியும் வேண்டாம் என்றால் உன்னிடம் அந்தக் கண்ணாடிச் சாடி இருக்கிறதே, நடுவில் தண்டு வைத்து அமுக்குகிறது, பிரெஞ்ச் பிரெஸ். அதுதான் நான் பார்த்ததில் திறம். அளவாய்ச் சூடாக்கிய பாலை மூன்றில் ஒரு பங்குக்கு விட்டு, தண்டை மேலும் கீழுமாய் இருபது முப்பது தரம் அடி. எனக்கு இங்கே அது இல்லை, தயிர் கடைகிற மத்தை எடுத்துக் கைகளுக்கு நடுவில் உருட்டினேன். வந்தது, ஆனால் தோள்மூட்டு இரண்டு நாள் நொந்தது.

ஜாம் போத்தலில் விட்டுக் குலுக்குகிற முறையும் உண்டு. குளிர்ந்த பாலைப் பாதிக்குக் குறைவாய் விட்டு, மூடியை இறுக்கி, ஒரு நிமிடம் குலுக்கி, மூடியைக் கழற்றி மைக்ரோவேவில் அரை நிமிடம் வைத்தால் நுரை மேலே எழும்பி உறுதியாய் நிற்கும். எங்களிடம் மைக்ரோவேவ் இல்லைத்தானே, கெட்டித்தனமாய்ச் சூடான பாலை விட்டு மூடிக் குலுக்கினேன். மூடி "டப்" என்று பறந்தது. என் சேட்டில் இன்னும் கறை. சூடான பாலை மூடின போத்தலில் ஒருநாளும் குலுக்காதே, அதுவும் குஞ்சு பக்கத்தில் நிற்கும்போது.

இவ்வளவும் செய்துவிட்டு, ஒரு நாள் பழைய ஆசையில் தேத்தண்ணி ஆத்துகிற இரண்டு பேணியை எடுத்தேன். பெரியப்பாவின் தேத்தண்ணிக் கடையில் நான் நாலு வருடம் நின்றது உனக்குத் தெரியும். ஆத்துகிற வேலையைத் தர அவருக்கு ஆறு மாதம் பிடித்தது. அதுவரை கிளாஸ் கழுவல்தான். மேல் கை எழும்பும்போது கீழ்க் கை தாழ வேண்டும், இரண்டும் ஒன்றாய். கண் கீழ்ப் பேணியில் இருக்க வேண்டும், மேல் பேணியைப் பார்த்தால் கை சுடும். நூல்போல விழுகிற பால் கீழே இருக்கிற பாலைக் குத்திக் காத்தை உள்ளே இழுக்கும். கடைசி ஒரு இழுவை மட்டும் தலைக்கு மேலிருந்து, சத்தத்தோடு. அந்தச் சத்தத்துக்காகவே சிலர் எங்கள் வாங்கில் வந்து இருப்பார்கள். இப்போதும் கை மறக்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், அந்த நுரை பெரிய பெரிய குமிழ், இரண்டு நிமிடத்தில் போய்விடும். ஆத்துவதில் பாலும் ஆறிவிடும். உங்கள் கப்புசினோ நுரை வேறு சாதி. மெஷினில் ஆவி அடித்து வருகிற நுரையில் இலையும் இதயமும் வரைகிறார்களே, அது குச்சியாலோ சாடியாலோ அப்படியே வராது. வரைவதுதான் வேண்டுமென்றால் மெஷினை வாங்கு. குடிப்பதுதான் வேண்டுமென்றால் சாடி காணும். ஆறு மாதம் தினமும் செய்து பார், அதற்குப் பிறகும் மெஷின் வேண்டும் போலிருந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

விடுகிற ஒழுங்கு: கடுங்கோப்பி முதலில் கோப்பையில். நுரையைக் கரண்டியால் மறித்துக்கொண்டு பாலை விடு, கடைசியில் நுரையை அள்ளிப் போடு. கோப்பி கடுமையாய் இல்லாவிட்டால் எல்லாம் பால் கஞ்சிதான்.

பார்சலில் அம்மா வறுத்து இடிப்பித்த கோப்பித்தூள் இருக்கிறது. ஒரு பை தனிக் கோப்பி, சிவப்பு நூல் கட்டியது. மற்றது மல்லியும் வேர்க்கொம்பும், அதுதான் சுக்கு, சேர்த்தது, அது தடிமன் சளிக்கு. மல்லிக்கோப்பியின் மேல் நுரை போட்டுப் பார்த்தேன். ரீச்சர் முகத்தைச் சுளித்தா, எனக்குப் பிடித்திருந்தது. ஒரு ஓலைக் குட்டான் பனங்கட்டியும் வைத்திருக்கிறோம். அதைப் பாலில் போட்டுக் காய்ச்சாதே, பால் திரைந்துபோகும். கோப்பிக்குள் கரை, அல்லது எங்களைப்போல ஒரு துண்டு கடித்துக்கொண்டு குடி. அம்மம்மாவின் மூக்குப்பேணியையும் அம்மா வைக்கச் சொன்னா. பாரம் கூடிவிட்டது என்று பெடியன் முணுமுணுத்தான், ஆனாலும் எடுத்துக்கொண்டான். அவன் வந்து சேர்ந்ததும் ஒருக்கா போன் எடுத்துச் சொல்லு. அவனுக்கும் ஒரு கோப்பி போட்டுக் கொடு, பெடியனுக்கு அங்கே இன்னும் ஒருவரையும் தெரியாது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாய்ச் சொன்னாய், ரிக்கெற் போட்டாயா? வரும்போது அந்தக் கண்ணாடிச் சாடி ஒன்று கொண்டுவா, சின்னதாய் இருந்தாலும் சரி. பற்றறி கொண்டுவராதே. இங்கே ஒழுங்கை முனைக் கடையிலேயே இருக்கிறது.

அன்புடன்,
அப்பா