கூட்டு ஆன்டிபயாடிக் ஊசி: ஏற்றுவதற்கு முன்னும் பின்னும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவிர பாக்டீரியா தொற்றுகளுக்கான மருந்துகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எந்த மருந்து எதற்குப் பயன்படும் என்பது அதில் தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அந்த மருந்து நோயாளியின் உடலில் ஏறும் அரைமணி நேரத்தைப் பற்றியும் அதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில், நான் அதிகம் கையாண்ட பைபரசிலின்–டாசோபாக்டம் என்னும் கூட்டு மருந்தை முன்வைத்துச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

‘கூட்டு’ என்ற சொல்லே பலரைத் தவறாக எண்ண வைக்கிறது. இரண்டு மருந்து சேர்ந்திருந்தால் இரண்டு மடங்கு வீரியம் என்று நினைத்துக்கொண்டு, “அந்தப் பெரிய ஊசியை முதலிலேயே போட்டுவிடுங்கள், சிஸ்டர்” என்று கேட்ட உறவினர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 4.5 கிராம் குப்பி ஒன்றில் 4 கிராம் பைபரசிலினும் அரை கிராம் டாசோபாக்டமும் இருக்கின்றன. கிருமியைக் கொல்வது பைபரசிலின்; அது பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. சில பாக்டீரியாக்கள் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து பென்சிலினைச் சிதைத்துவிடும் என்பதால், அந்த நொதியை முடக்கிவைக்கும் வேலைக்காக டாசோபாக்டம் உடன் சேர்க்கப்படுகிறது. வயிற்றுக்குள் பரவிய தொற்று, மருத்துவமனையில் தொற்றும் நிமோனியா போன்றவற்றில் இது உயிர் காக்கும் மருந்து. வைரஸ் காய்ச்சலுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. பாக்டீரியாவிலும் எல்லாம் இதற்கு அடங்குவதில்லை: செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத கிருமிகள் ரத்தத்தில் கலந்த நோயாளிகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான மெரினோ ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் இந்த மருந்து பெற்றவர்களில் 12.3 சதவீதம், மெரோபெனம் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 3.7 சதவீதம். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு முதல் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுக்கச் சொல்வது இதனால்தான். அதற்காக, ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு மருந்தைத் தாமதப்படுத்தவும் கூடாது.

ஓர் இரவுப் பணியை நான் இன்றும் மறக்கவில்லை. வயிற்றுத் தொற்றுடன் சேர்க்கப்பட்ட ஒரு பெரியவரின் கேஸ் ஷீட்டில் ‘அலர்ஜி இல்லை’ என்று எழுதியிருந்தது. குப்பிக்குள் நீரைச் செலுத்தி, வெள்ளைத் தூள் முழுவதும் கரைந்து நுரை அடங்கும்வரை சுழற்றி, சலைன் பாட்டிலில் சேர்த்து மாட்டியும் ஆயிற்று. டிரிப்பைத் திறக்கும் முன், வழக்கப்படி அவருடைய மனைவியிடம், “ஐயாவுக்கு இதற்கு முன்னால் ஏதாவது ஊசியோ மாத்திரையோ ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, அம்மா?” என்று கேட்டேன். பல் வலிக்கு அமாக்சிசிலின் சாப்பிட்ட அரைமணி நேரத்தில் முகம் வீங்கி, மூச்சுத் திணறி, அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியதாக அந்த அம்மாள் சொன்னார். அமாக்சிசிலினும் பென்சிலின் குடும்பம்தான். பாட்டிலை இறக்கிவிட்டு மருத்துவரை அழைத்தேன், மருந்து மாற்றப்பட்டது. அனுமதியின்போது “அலர்ஜி உண்டா?” என்று கேட்டிருக்கிறார்கள்; தும்மலைப் பற்றிக் கேட்பதாக நினைத்து அவர் இல்லை என்றிருக்கிறார். கேள்வி கேட்கப்பட்டிருந்தது, ஆனால் அவருக்குப் புரியும் விதத்தில் கேட்கப்படவில்லை. மாறாக, மாத்திரை சாப்பிட்டு ஒருமுறை குமட்டியதைக்கூட ஒவ்வாமை என்று எழுதிவிடுவதும் உண்டு. அதனால் தேவையான மருந்தே கிடைக்காமல் போகலாம். என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் நடந்தது என்று விரிவாகக் கேட்டு எழுதுவதே சரி.

சிறுநீரகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டை அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் எண், மெலிந்த முதியவர்களுக்குப் பார்ப்பதற்குச் சரியாக இருக்கும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மை நிலை தெரியும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் உடன் தரப்பட்டால் சிறுநீரகப் பாதிப்பின் அபாயம் கூடுகிறது என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவை. ஒரு 4.5 கிராம் குப்பியில் ஏறத்தாழ 260 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது; நாளுக்கு 4 முறை ஏற்றினால் 1 கிராமைத் தாண்டிவிடும். உணவில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கும் இதய நோயாளிக்கு அது சிறிய அளவு அல்ல. ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை இதனுடன் ஒரே சிரிஞ்சிலோ பாட்டிலிலோ கலக்கக் கூடாது; அவை செயலிழந்துவிடும்.

வழக்கமாக 30 நிமிடங்களில் ஏற்றப்படும் இந்த மருந்தைச் சிலருக்கு 4 மணி நேரம் மெதுவாக ஏற்றச் சொல்வார்கள். ரத்தத்தில் போதுமான அளவு மருந்து எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதைப் பொறுத்தே பென்சிலின் வகை மருந்துகள் வேலை செய்கின்றன. எனவே “பாட்டில் தாமதமாக இறங்குகிறது” என்று உறவினர்கள் தாமாகவே டிரிப்பின் வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. பாட்டில் காலியானதும் குழாயில் தங்கும் மருந்தையும் சலைன் விட்டுச் செலுத்த வேண்டும். சிறிய பாட்டிலில் கரைத்திருந்தால் அந்த மிச்சமே கணிசமான பங்காகிவிடும்.

மருந்து தொடங்கி 2, 3 நாட்களில் கல்ச்சர் முடிவு வந்ததும், இதையே தொடர்வதா, சில கிருமிகளை மட்டும் தாக்கும் குறுகிய வீச்சுள்ள மருந்துக்கு மாறுவதா, நிறுத்துவதா என்று மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். முடிவு வந்தும் கோப்பில் கிடக்க, அதே மருந்து பத்தாம் நாளும் ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்த்து வருந்தியிருக்கிறேன். இந்த மருந்தின் விளைவாகக் கடும் வயிற்றுப்போக்கு, மருந்தை நிறுத்தி 2 மாதங்கள் வரைகூட வரலாம் என்பதை, வீட்டுக்குச் செல்லும் நோயாளியிடம் மறக்காமல் சொல்லியனுப்ப வேண்டும். அது சாதாரண வயிற்றுக் கோளாறு என்று தாமே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிடக் கூடாது.

தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில், வாசகர்கள் வெட்டி எடுத்துப் பணப்பையில் வைத்துக்கொள்ளும்படி ஒரு சிறு படிவத்தை அச்சிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர், அப்போது உடலில் என்ன நேர்ந்தது, எவ்வளவு நேரத்தில் நேர்ந்தது, எந்த ஆண்டு என்ற நான்கு வரிகள் அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்