டவுனுக்கு என்ன சோலி?

ஹூஸ்டன்,
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். பின்னால் காக்கா கத்துகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, யாரோ "கேஸ் வந்துட்டா?" என்று கேட்கிறார்கள். பாதி ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. டாக்டர் சொன்ன நாள்வரை அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பார்களா என்பதுதான் என் சந்தேகம். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் அவர்கள் யார் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்?

பதினாறு வருஷம் சிகாகோவில் சேர்ந்து குப்பை கொட்டினோம். முதல் தடவையாக நான் அங்கே விருந்தாளியாக வருகிறேன், வீட்டுக்காரனைக் காணோம். மகளை ஹாஸ்டலில் விட்டாயிற்று. தங்கச்சி டப்பா நிறைய இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொடுத்தனுப்பினாள். மகள் அதை அறைத்தோழிக்குக் கொடுத்துவிட்டு பீட்சா சாப்பிட்டாளாம். இதைத் தங்கச்சியிடம் சொல்லாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "உன் ஊரில் டவுன்டவுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல வெறும் ரோடுதானா?" என்று கேட்டிருந்தாய். சிகாகோக்காரனின் கொழுப்பு. நானும் அந்தக் கொழுப்போடுதான் இங்கே வந்து இறங்கினேன், அதனால் கோபமில்லை.

இருக்கிறது. போன அக்டோபரில், வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு பார்க்கப் போனேன். மெயின் ஸ்ட்ரீட் பக்கத்திலேயே, தேடாமல் கொள்ளாமல், வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இறங்கி அண்ணாந்து பார்த்தால், குறை சொல்ல முடியாது மாப்ளே. ஐ. எம். பெய் என்ற கட்டிடக்கலைஞர் வடிவமைத்த சேஸ் டவர், 75 மாடி, 305 மீட்டர். ஒரு மூலையைக் கத்தியால் சீவிவிட்ட மாதிரி ஐந்து பக்கம். கொஞ்சம் தள்ளி பென்ஸாயில் பிளேஸ், இரண்டு கறுப்புக் கோபுரங்கள், நடுவில் 10 அடி இடைவெளிதான். அந்த இடுக்கு வழியாக வானம் ஒரு கோடாகத் தெரிகிறது. நீ சிவில் படித்தவன், பார்த்தால் அரைமணி நேரம் அங்கேயே நின்றிருப்பாய்.

தலையைக் கீழே இறக்கினால் ஈ காக்கை இல்லை.

நாங்கள் நான்கு பேர், ஒரு போலீஸ்காரர், தூரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற ஒருவர். மெட்ரோ ரயில் ஒன்று சத்தமே இல்லாமல் வந்து நின்று, யாரும் இறங்காமல், யாரும் ஏறாமல் கிளம்பிப் போனது. சின்னவன் கேட்டான்: "அப்பா, எல்லாரும் எங்கே போயிட்டாங்க?" ஒரு காபி குடிக்கலாம் என்று ஆறு தெரு நடந்தோம். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் கீழே கிரானைட் சுவர், கண்ணாடிக் கதவு, பூட்டு. தெருவைப் பார்த்த கடை என்று ஒன்று வேண்டுமே! 80 அடி அகலத் தெருவில் நடுவில் நின்று போட்டோ எடுத்தோம். நாம் திருநெல்வேலி டவுன் ரத வீதியில் அப்படி நின்றதுண்டா? தேரோட்டம் முடிந்த மறுநாள் விடியற்காலையில்கூட முடியாது.

எல்லாரும் எங்கே போனார்கள் என்பதற்கு விடை இரண்டு வாரம் கழித்துக் கிடைத்தது. பூமிக்கு அடியில்!

ஆபீஸில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, "சாப்பிடப் போகலாம், வா" என்று கூப்பிட்டார். லாபிக்கு வந்தோம். நான் வாசலைப் பார்த்துத் திரும்பினேன், அவர் மூலையில் இருந்த எஸ்கலேட்டரைப் பார்த்துத் திரும்பினார். கீழே இறங்கினால் ஒரு ஊரே இருக்கிறது. தெருமட்டத்துக்கு 20 அடி கீழே, மொத்தம் 10 கிலோமீட்டருக்குச் சுரங்க நடைபாதை, 95 தெருக்கட்டங்களைச் சேர்த்து. டாக்கோ கடை, சாலட் கடை, பல் டாக்டர், ஷூ பாலிஷ் போடுகிறவர், பூக்கடை, சலவைக் கடை. குளுகுளுவென்று ஏசி. கழுத்தில் ஐடி கார்டு ஆட, எல்லோரும் வேகவேகமாக நடக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போது முழங்கை இடிக்கிறது. "ஸாரி" என்கிறார்கள். பத்து மாதத்தில் ஹூஸ்டனில் என்னை யாராவது இடித்திருக்கிறார்கள் என்றால் அது அங்கேதான்.

மறுநாள் தனியாகப் போய்ப் பார்க்கலாம் என்று இறங்கினேன். பூண்டு வாசனை பிடித்துக்கொண்டே போனவன், திரும்பி வர வழி தெரியாமல், ஏதோ ஒரு வங்கியின் லாபியில் மேலே வந்தேன். வெளியே பார்த்தால் என் ஆபீஸ் நாலு தெரு தள்ளி இருக்கிறது. பாளையங்கோட்டை வெயிலும் தூத்துக்குடிக் கசகசப்பும் சேர்ந்தது இங்குள்ள வெயில், அது அக்டோபரிலும் விடாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள வந்து சேர்ந்தேன். ஏன் பூமிக்கு அடியில் போகிறார்கள் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் சாயங்காலம் ஆனால் ஷட்டர் இறங்கிவிடும். சனி, ஞாயிறு பெரும்பாலும் பூட்டு. ஆபீஸ் இருந்தால்தான் அங்கே ஊர்.

நம் அப்பாமார் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? பாளையங்கோட்டையிலிருந்து சைக்கிளை எடுத்தால், "எங்கலே?" "டவுனுக்கு." "டவுனுக்கு என்ன சோலி?" "சும்மாதான்." சும்மாதான் என்று சொன்னால் உதை விழும், அதனால் நோட்டு வாங்க, பேனாவுக்கு நிப்பு வாங்க என்று எதையாவது சொல்லிவிட்டு, சுலோசனா முதலியார் பாலம் தாண்டி, ஜங்ஷன் வந்து, ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ் அடுக்கில் மிதித்து, நெல்லையப்பர் கோயில் வாசலில் போய் நிற்போம். நிற்பதுதான் சோலி. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்கிறது. இருட்டுக்கடை வரிசை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கிறது. அல்வா வாங்கக் காசிருந்த நாட்களை எண்ண ஒரு கை போதும்.

டவுன்டவுன் பெரிதா சின்னதா என்று அளக்க எனக்கு இப்போது இந்த ஒரு கோல்தான் இருக்கிறது: சோலி இல்லாமல் அங்கே எத்தனை பேர் வருகிறார்கள்? ஹூஸ்டன் டவுன்டவுனில், நான் பார்த்தவரை, ரொம்பக் குறைச்சல்.

போன வாரம் சனிக்கிழமை சாயங்காலம் மகளை விட்டுவிட்டு, மனசு சரியில்லாமல், சிகாகோ டவுன்டவுனான லூப்பில் தனியாக நடந்தேன். வாபாஷ் அவென்யூவில், ஆடம்ஸ் ஸ்டேஷனுக்குக் கீழே. பதினாறு வருஷம் தினம் மிதித்த இடம், அப்போதெல்லாம் அதை நான் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. தலைக்கு மேலே, தூண்களின் மேல் ரயில் ஓடுகிற, 1897இல் வளையத்தைப் பூர்த்தி செய்த அந்த இரும்புப் பாதை. தூண்களில் ஆணி ஆணியாக ரிவெட், அதன்மேல் பெயின்ட், பெயின்ட் மேல் பெயின்ட், தொட்டால் ரிவெட் மழுங்கிப்போய்த்தான் கைக்குத் தட்டுப்படுகிறது. மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியும் தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு வயதான பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள். ரயில் வந்தது. ஒருத்தி வாக்கியத்தின் நடுவில் அப்படியே நிறுத்திக்கொண்டாள், நடையை நிறுத்தவில்லை. ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்கினாள். மற்றவளும் அதை எதிர்பார்த்த மாதிரியே தலையாட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாமும் எத்தனை தடவை அப்படிச் செய்திருக்கிறோம்!

ஸ்டேட் தெருவில் அதே பிளாஸ்டிக் வாளி டிரம் பையன்கள். மில்லேனியம் பார்க்கில் அனிஷ் கபூரின் பளபளக்கும் எஃகுச் சிற்பமான அந்தப் பயறைச் சுற்றிக் கூட்டம், ஒவ்வொருவரும் தன் கோணல் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு. இவர்களில் யாருக்கும் அங்கே ஒரு சோலியும் கிடையாது.

மனாட்நாக் கட்டிடத்துக்கும் போனேன். நான் சேர்ந்த முதல் வாரம் நீ என்னை இழுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரைத் தொடச் சொன்னாய். வடக்குப் பாதி 1891, செங்கலே 16 மாடியையும் தாங்க வேண்டும் என்பதால் அடியில் 6 அடி கனம். தெற்குப் பாதி 1893, உள்ளே எஃகுச் சட்டம், சுவர் மெலிந்துவிட்டது. இரண்டே வருஷத்தில் உலகம் மாறியதை ஒரே கட்டிடத்தில் பார்க்கலாம் என்று நீ லெக்சர் அடித்தாய். எனக்குப் பசி. இந்தத் தடவை வேறொன்று கண்ணில் பட்டது. அந்த 6 அடிச் சுவரில்கூட தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்துக் கடை போட்டிருக்கிறார்கள். கட்டியவர்களுக்குத் தெருவில் ஆள் நடப்பார்கள் என்று தெரியும், அவர்களை நம்பிக் கடை. இங்கே ஹூஸ்டனில் கோபுரங்களில் பெரும்பாலானவை 1970, 80களின் எண்ணெய்ப் பணத்தில் எழும்பியவை. வருகிறவர் காரில் வருவார், பார்க்கிங் மாடியிலிருந்து லிஃப்டில் ஏறுவார், சாப்பிடச் சுரங்கத்துக்கு இறங்குவார், திரும்பக் காரில் போவார். செருப்பு தெருவில் படவே தேவையில்லை. அப்புறம் எதற்கு ஜன்னல்? எண்ணெய் விலை விழுந்ததும் கட்டுவதும் நின்றுபோனது.

மேலே ஏறிப் பார்ப்பதிலும் அதே கதை. சிகாகோ வில்லிஸ் டவரில், டாக்காக்கார எஞ்சினியர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான் ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டின மாதிரி வடிவமைத்த அந்தக் கோபுரத்தில், காசு கொடுத்தால் யாரையும் 103ஆம் மாடிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணாடித் தரையில் நிற்கவைக்கிறார்கள். இங்கே சேஸ் டவரில் 60ஆம் மாடி முன்பு பொதுமக்களுக்குத் திறந்திருந்ததாம். இப்போது அதுவும் இல்லை.

பெட்வே என்று சிகாகோவிலும் சுரங்க நடைபாதை இருக்கிறதே என்று நீ மடக்குவாய். இருக்கிறது, ஜனவரியில் மட்டும் அது நம் ஞாபகத்துக்கு வரும். அதைவிட எனக்கு லூப்புக்கு அடியில் கிடக்கிற பழைய சரக்குச் சுரங்கங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு காலத்தில் குட்டி ரயில் விட்டு நிலக்கரியையும் சாமானையும் அதில் கொண்டுபோனார்கள். 1992இல் ஆற்றில் அடித்த கம்பம் அதன் சுவரை உடைத்து, ஆற்றுத் தண்ணீர் லூப்பின் அடித்தளம் முழுக்கப் புகுந்தது. இங்கேயும் 2001இல் அலிசன் புயல் மழையில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்திருக்கிறது. உன் ஊர்க்காரர்கள் சாமானைக் கீழே அனுப்பிவிட்டு மனிதர்களை மேலே விட்டார்கள். என் ஊர்க்காரர்கள் மனிதர்களைக் கீழே அனுப்பிவிட்டு மேலே காரை விட்டார்கள். சிகாகோவின் வாக்கர் டிரைவ் ரோடும் அப்படித்தானே, லாரிக்குக் கீழ் அடுக்கு, நமக்கு மேல் அடுக்கு. முதல் தடவை பார்த்தபோது, "ஏலே, நம்ம மேம்பாலம்லா இது!" என்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

ரொம்பவும் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை லசால் தெருவில் உன் ஊரும் செத்துத்தான் கிடக்கும். கொரோனாவுக்குப் பிறகு காலியான ஆபீஸ்களை வீடாக மாற்றப் பார்க்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? இங்கேயும் கிழக்குப் பக்கம் டிஸ்கவரி கிரீன் என்று ஒரு பார்க், 2008இல் திறந்தது. சாயங்காலம் பிள்ளைகள் தண்ணீர் பீச்சுகிற இடத்தில் தொப்பலாக நனைந்துகொண்டு திரிகின்றன. அந்த முதல் ஞாயிறு நான் அந்தப் பக்கம் நடந்திருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கம் குறைந்திருக்கும்.

அப்புறம், இந்த ஊரின் கூட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹில்கிராஃப்டில் மகாத்மா காந்தி டிஸ்ட்ரிக்ட் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வரிசையாகக் கடைகள், புடவை, நகை, சாட், பக்கத்திலேயே டயர் மாற்றுகிற இடம். சனிக்கிழமை வண்டி நிறுத்த முடியாது. சிகாகோவில் உன் டெவான் அவென்யூ இந்தியக் கடைத்தெரு மாதிரி நடந்தே பார்க்க முடியாது, ஒவ்வொரு கடைக்கும் காரை எடுக்க வேண்டும். பேர்லாண்ட் மீனாட்சி கோயிலில் விசேஷ நாளில் நிற்க இடமிருக்காது. அங்கே நிற்கும்போது மட்டும் ஹூஸ்டன் பெரிய ஊர்தான் என்று தோன்றுகிறது. டவுன்டவுனில் தோன்றவில்லை, என்ன செய்ய?

அன்று சிகாகோவில் கடைசியாக ஆர்ட் இன்ஸ்டிட்யூட் மியூசியத்தின் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நீ முதலில் கூட்டிக்கொண்டு வருகிற இடம். 1893, இதே கட்டிடத்தில் பேசிய விவேகானந்தர், மெட்ராஸ் இளைஞர்கள் வீடு வீடாகத் திரட்டிக் கொடுத்த பணம், எல்லாவற்றையும் நீ ஒப்பிப்பாய், வந்தவர்கள் வாசலில் இருக்கிற சிங்கச் சிலையோடு படம் எடுப்பார்கள். அன்றும் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டிருந்தது. நம்மூர்ப் பேச்சு. எடுத்துத் தரட்டுமா என்று கேட்டு, ஐந்து பேரையும் சிங்கத்தையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டேன். தென்காசியாம். "நீங்க இங்கேயே இருக்கீங்களா?" என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நீ திரும்பும்போது அல்வா கால் கிலோ மகளுக்குக் கொண்டுபோய்க் கொடு. அறைத்தோழிக்குக் கொடுக்காமல் அவளே சாப்பிடுகிறாளா என்று நின்று பார். குளிர் கோட்டு ஒன்று வாங்க வேண்டும், அதற்குத் தங்கச்சியை அனுப்பு. நீ போனால் இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவாய்.

தீபாவளியை ஒட்டி இங்கே வருவதாகச் சொன்னாய். வாரநாளாகப் பார்த்து டிக்கெட் போடு. வெள்ளிக்கிழமை காலையில் இறங்கினாலும் போதும், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சுரங்கத்துக்குக் கூட்டிப் போய்விடுவேன். சனிக்கிழமை வந்தால் பூட்டைத்தான் காட்ட முடியும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்