போனை எடுக்காத பாப்பாவுக்கு

பாப்பா,

தமிழில் எழுதுகிறேனே என்று சலித்துக்கொள்ளாதே. உன் ரூமில் யார் எடுத்துப் பார்த்தாலும் புரியக் கூடாது, அவ்வளவுதான். சனிக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அப்பா உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனது இதற்காவது உதவட்டும்.

சாப்பிடுகிறாயா? ராத்திரி தூங்குகிறாயா? வாட்ஸ்அப்பில் நீ கடைசியாக வந்தது விடியற்காலை மூன்றரை என்று காட்டியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் போனை என் பக்கம் நீட்டினார். மிட்டெர்ம் இருக்கும் என்று நான்தான் சமாளித்தேன்.

சொராரிட்டியில், அதான் அந்தக் காலேஜ் பெண்கள் சங்கத்தில், உன்னைச் சேர்த்துக்கொண்ட பிட் டே போட்டோவை மன்னார்குடிக்கு அனுப்பினேன். "எல்லாப் புள்ளைங்களும் வெள்ளைச் சட்டையில நிக்குதுவோ, யார் வீட்டு விசேஷம்?" என்று அப்பாயி கேட்டாங்க. கமலா ஹாரிஸும் இப்படி ஒரு சொராரிட்டியில் இருந்தவர்தான் என்றேன். அவர் தாத்தாவின் துளசேந்திரபுரம் பக்கத்து ஊராச்சே, உடனே சமாதானமாகிவிட்டாங்க.

நீயும் அவர் பெயரைச் சொல்லித்தானே எங்கள் வாயை அடைத்தாய்? நானும் தேடிப் படித்தேன். அவர் சொராரிட்டி ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் தொடங்கியது. கமலா அதில் சேர்ந்தது 1986-ல், படிப்பு முடிகிற வருஷம். நீ போன செமஸ்டரில்தான் ஹைஸ்கூலை முடித்தாய், வந்த வேகத்தில் சொராரிட்டிக்கு ஆள் எடுக்கும் ரஷ்ஷுக்குப் போய் நின்றாய். அவர் அம்மா சியாமளா பத்தொன்பது வயதில் தனியாக பெர்க்லிக்கு வந்து டாக்டர் பட்டம் வாங்கியதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சொராரிட்டிக்கான கட்டணம், அந்த டியூஸ், கட்டியாகிவிட்டது. டி-ஷர்ட்டுக்குத் தனியாகக் கேட்டார்கள், அதையும் கட்டிவிட்டோம். பணம் ஒரு பேச்சே இல்லை. அங்கே உனக்கு அக்கா மாதிரி இருக்கிற உன் 'பிக்' யார்? எந்த ஊர்ப் பெண்? என்ன படிக்கிறாள்? இதைச் சொல்வதற்குக்கூடவா தடை?

1996 நவம்பரில் நான் கும்பகோணத்தில் ஹாஸ்டலில் இருந்தேன். சிதம்பரத்தில் அந்த மருத்துவக் கல்லூரிப் பையன் ராகிங்கில் கொலையானது பேப்பரில் வந்ததும் தாத்தா பஸ் ஏறி வந்துவிட்டார். பார்வையாளர் அறையில் உட்கார்ந்து, "ரூம்ல கூட யாரும்மா? எந்த ஊருப் புள்ளைங்க?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. என் முழங்கை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறு வருஷமே தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்து சட்டம் வந்தது. இங்கே அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தாகியிருக்கிறது. ஹேசிங், அதாவது நம்ம ஊர் ராகிங், செய்து மாட்டிய அமைப்புகளின் பெயரை இனி காலேஜே வெளியிட வேண்டுமாம். உன் காலேஜின் பட்டியலை அப்பா இரண்டு தரம் படித்தார். உங்கள் சொராரிட்டியின் கிளை அதில் இல்லை. அவருக்கு அது போதும். யாராவது வாய் திறந்தால்தானே பட்டியலில் பெயர் ஏறும் என்பது என் கவலை.

சங்கம் என்றால் ரகசியம் இருக்கும், சடங்கு இருக்கும். அதை நான் கேட்கவில்லை. யாராவது குடிக்கச் சொன்னால், தூங்கவிடாமல் நிறுத்தி வைத்தால், அது சடங்கு இல்லை பாப்பா. எழுந்து வந்துவிடு. எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் வந்துவிடு.

நீ லா ஸ்கூல் போக நினைக்கிற விஷயம் கோகுல் சொல்லித்தான் தெரியும். எங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதா? டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வுக்கான எம்கேட் புத்தகங்களை அப்பா இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார். அவருக்கு வருத்தம்தான், மறைப்பானேன். எனக்கு இல்லை. உங்கள் சொராரிட்டியோடு பெண்கள் காப்பகத்துக்குப் போனபோது, இங்கிலீஷ் வராத ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோர்ட் ஃபாரத்தை வரி வரியாகச் சொல்லிப் புரியவைத்தாயாமே. அதையும் கோகுல்தான் சொன்னான். இரண்டு நாள் நான் எல்லாரிடமும் அதைத்தான் பேசினேன். எந்த மேஜர் படித்தாலும் லா ஸ்கூல் நுழைவுத் தேர்வான எல்சாட் எழுதலாமாம். அதனால் பயாலஜியைப் பாதியில் விடாதே, முடித்துவிட்டுப் போ. அவசரப்பட்டு மேஜரை மாற்றி எதிலும் கையெழுத்துப் போடாதே. தூங்கு முதலில். பயாலஜியை விடாதே.

வருகிற ஞாயிறு அப்பாவும் நானும் அங்கே வருகிறோம். கார் சர்வீஸுக்குப் போய் வந்தாகிவிட்டது. வர வேண்டாம் என்றால் நீயே போன் பண்ணிச் சொல். மெசேஜில் சொன்னால் கிளம்பிவிடுவோம்.

அம்மா