பாப்பாவுக்கு, 2004 பிஸ்டன்ஸை நினைத்துக்கொண்டு

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. உன் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆட்டத்துக்கு இருபது புள்ளிக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள், சீசன் தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது, மிச்சம் இருக்கிறவர்களை வைத்துக்கொண்டு நான் என்னப்பா செய்வேன் என்று கேட்டாய். அந்த "மிச்சம் இருக்கிறவர்கள்" என்ற வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, உனக்குத்தான் தெரியுமே, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

2004 உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது? உனக்கு ஒன்பது வயது. டெட்ராய்ட் பக்கத்தில் டிராயில் அந்த இரண்டு அறை வீட்டில் இருந்தோம், எனக்கு விடியற்காலை ஷிஃப்ட், ஆனாலும் நம் டெட்ராய்ட் கூடைப்பந்து அணி பிஸ்டன்ஸின் ஆட்டம் இருக்கிற ராத்திரியில் முடிகிறவரை டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன், நீ என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டே பார்ப்பாய். அம்மா நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று சத்தம் போடுவாள். அந்த அணியின் ஹாமில்டன் மூக்கு உடைந்து போட்டுக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடி மாதிரியான முகமூடியைப் பார்த்து, நீயும் பால் கேனை வெட்டி ஒன்று செய்து போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடினாய். அது இருக்கட்டும்.

அந்த அணியே மிச்சம் இருக்கிறவர்களை வைத்துக் கட்டிய அணிதான். 2000-ல் டெட்ராய்ட்டுக்கு இருந்த ஒரே பெரிய நட்சத்திரம் கிராண்ட் ஹில். அவர் ஆர்லாண்டோவுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதற்குப் பதிலாக ஆர்லாண்டோவிலிருந்து இரண்டு பேரை வாங்கிக்கொண்டார்கள், அதில் ஒருவர் பென் வாலஸ். 1996 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நாளில், ஒரு அணிகூட எடுக்காத ஆள். மைய ஆட்டக்காரருக்கு உயரம் போதாது, ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ போடத் தெரியாது, புள்ளி எடுக்க மாட்டார். ஹில் போன அடுத்த சீசனில் டெட்ராய்ட் ஜெயித்தது 32 ஆட்டம், தோற்றது 50. அந்த வருஷம் ஊரில் எல்லாரும் பேசியது போனவரைப் பற்றித்தான், வந்தவரை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அந்தக் கணக்கு அப்படியே புரண்டு 50 வெற்றி, 32 தோல்வி ஆனது, பென் வாலஸ் அந்த வருஷத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். மொத்தம் நான்கு தடவை அந்த விருதை வாங்கினார்.

மற்றவர்களைப் பார். பில்லப்ஸை 1997 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக எடுத்த பாஸ்டன், அவருடைய முதல் சீசன் முடிவதற்குள்ளேயே அனுப்பிவிட்டது. டொராண்டோ, டென்வர், ஆர்லாண்டோ, மினசோட்டா என்று சுற்றிவிட்டு 2002-ல் வந்து சேர்ந்தார். ஹாமில்டன் வாஷிங்டன் வேறு ஒருவருக்காக மாற்றிக் கொடுத்த ஆள். டேஷான் பிரின்ஸ் டிராஃப்டில் 23-வது. ரஷீத் வாலஸ் கோபக்காரர், ஒரே சீசனில் மோசமான நடத்தைக்குக் கொடுக்கிற டெக்னிகல் ஃபவுல் 41 வாங்கியவர், போர்ட்லாண்ட் அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்து, அட்லாண்டா ஒரே ஒரு ஆட்டம் ஆடவிட்டு, 2004 பிப்ரவரியில் டெட்ராய்ட்டுக்கு அனுப்பியது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குத் திறமை கிடையாது, வெறும் உழைப்பால் ஜெயித்தார்கள் என்று சிலர் பேசுவார்கள், அது எனக்குப் பிடிக்காது. 2006-ல் அந்த ஐந்து பேரில் நான்கு பேர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடுகிற ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குப் போனார்கள். பென் வாலஸும் பில்லப்ஸும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். திறமை ஆரம்பத்திலிருந்தே இருந்தது, அதைப் பார்க்கிற கண்தான் மற்ற அணிகளுக்கு இல்லாமல் போனது. உன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை நீ இன்னும் சரியாகப் பார்க்கவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு நாளும் எல்லாரும் ஒரே பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், இல்லையா?

அந்த மார்ச் மாதம் என்னோடு வேலை செய்தவர் இரண்டு டிக்கெட் கொடுத்தார், உன்னை ஆபர்ன் ஹில்ஸ் அரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பென் வாலஸ் ஏதாவது செய்தால் பெரிய கடிகார மணி மாதிரி ஒரு சத்தம் வைப்பார்கள், அதைக் கேட்டு நீ ஒவ்வொரு தடவையும் துள்ளினாய். எங்கள் இடம் எங்கேயோ உச்சியில். கடைசிப் பகுதியில் கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் கீழே இறங்கி கூடைக்குப் பின்னால் காலியாக இருந்த இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தோம். அப்போதுதான் ரஷீத்தின் குரல் கேட்டது. நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். இடது பக்கம் ஸ்கிரீன் வருகிறது, வழியை மறிக்க ஆள் நிற்கிறான், நான் பின்னால் இருக்கிறேன், நீ பந்தைப் பார், அவனை விடு, இவனைப் பிடி. "அவர் ஏன்பா இவ்வளவு திட்டுறாரு?" என்று கேட்டாய். "திட்டல பாப்பா, முன்னாடி நிக்கிறவருக்கு முதுகுப் பக்கம் கண்ணு இல்லல்ல, அதான் வழி சொல்றாரு" என்றேன். அந்த மாதத்தில்தான் அவர்கள் அடுத்தடுத்து ஐந்து அணிகளை 70 புள்ளியைத் தொடவிடாமல் மடக்கினார்கள், அமெரிக்காவின் பெரிய லீக்கான என்பிஏவில் அதற்கு முன்னால் யாரும் செய்யாதது. ரஷீத் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அவர் வந்ததால் கூடிய புள்ளிகளைவிட அவர் குரலால் எதிரணிக்குக் குறைந்த புள்ளிகள் அதிகம் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

தடுப்பாட்டம் என்று சொன்னால் நம் ஆட்கள் உடனே எதிராளி போடுகிற பந்தைத் தட்டி பிளாக் செய்வதையும் பந்தைப் பறிப்பதையும் நினைப்பார்கள். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான். அது முழுக்க நம்பிக்கைக் கணக்கு என்று அந்த வருஷம்தான் புரிந்தது. முன்னால் நிற்கிறவர் எதிராளியை ஒட்டி நிற்கலாம், ஏனென்றால் அவரைத் தாண்டிப் போனாலும் பின்னால் பென் வாலஸ் இருக்கிறார். பென் வாலஸ் தன் ஆளை விட்டுவிட்டு உதவிக்கு வரலாம், ஏனென்றால் அவர் விட்டுவந்த ஆளை ரஷீத் எடுத்துக்கொள்வார். ரஷீத் விட்டுவந்த இடத்துக்கு பிரின்ஸ் இறங்குவார். இதில் ஒருவர் அரை நொடி யோசித்தால் மொத்தமும் குலைந்துவிடும்.

இறுதித் தொடருக்கு முந்தின தொடரில் இண்டியானாவோடு ஆடிய அந்த இரண்டாவது ஆட்டம், மே 24. அதை மட்டும் நீ மறந்திருக்க மாட்டாய். டெட்ராய்ட் 69, இண்டியானா 67, இருபது நொடிகூட இல்லை, பந்து பறிபோய் இண்டியானாவின் ரெஜி மில்லர் தனியாகக் கூடையை நோக்கி ஓடுகிறார். எதிரில் ஆளே இல்லை. சமன் ஆகிவிட்டது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ கத்தியதும்தான் திரும்பிப் பார்த்தேன். அதற்கப்புறம் அதை நூறு தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். பிரின்ஸ் எங்கேயோ பின்னாலிருந்து நீளநீளமாக நான்கைந்து எட்டில் வந்து, மில்லர் கையிலிருந்து பந்து கிளம்பிய அந்த நேரத்தில் தட்டிவிட்டு, ஓடிவந்த வேகத்தில் கூட்டத்துக்குள்ளேயே போய் விழுந்தார். எல்லாரும் அவரைத்தான் பேசுவார்கள். ஹாமில்டனைப் பார் என்று உனக்குச் சொல்ல வேண்டும். தட்டப்பட்ட பந்து வெளியே போகப் போகிறது, அதைத் துரத்திப் பிடித்தவர் அவர். அவரும் பின்னாலேயே முழு வேகத்தில் ஓடிவந்ததால்தான் அங்கே இருந்தார். இவன் தடுப்பான் என்று நம்பாவிட்டால் எவன் அப்படி ஓடுவான்? அந்த ஆட்டத்தில் டெட்ராய்ட்டுக்கு மொத்தம் 19 பிளாக், ஸ்கோர் 72-67. அழகான ஆட்டம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

அப்புறம் இறுதித் தொடரில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ். ஷக்கீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், அவர்களோடு பட்டம் வேண்டும் என்று சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வந்து சேர்ந்த கார்ல் மலோன், கேரி பேட்டன், மேலே பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன். டெட்ராய்ட் ஜெயிக்கும் என்று சொல்ல ஆளில்லை, என் ஷிஃப்டிலேயே பாதிப் பேர் சொல்லவில்லை. பயிற்சியாளர் லாரி பிரவுன் செய்த ஏற்பாடு எனக்கு முதலில் புரியவே இல்லை. ஷக்கைத் தடுக்க எல்லா அணியும் இரண்டு மூன்று பேரை அனுப்பும், இவர் பெரும்பாலும் ஒரே ஆளை விட்டார். 7 அடி 1 அங்குல மலைக்கு முன்னால் 6 அடி 9 அங்குல பென் வாலஸ். அவர் எடுப்பதை எடுத்துக்கொள்ளட்டும், மற்ற நாலு பேருக்கும் இலவசமாக ஒரு ஷாட் கிடைக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. நான்காவது ஆட்டத்தில் ஷக் 36 புள்ளி எடுத்தார், தவறிப்போன பந்தைப் பிடிக்கிற ரீபவுண்ட் 20 எடுத்தார், லேக்கர்ஸ் 88-80-ல் தோற்றது. கோபிக்கு முன்னால் பிரின்ஸின் நீளக் கை, அதைத் தாண்டினால் இன்னொரு கை. மூன்றாவது ஆட்டத்தில் கோபிக்குக் கிடைத்தது 11 புள்ளி, அணி மொத்தத்துக்கும் 68. கார்ல் மலோனுக்கு முழங்காலில் அடிபட்டதும் உண்மைதான், அதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. ஆனால் முதல் ஆட்டத்தில் அவர் நன்றாகத்தான் இருந்தார், அன்றைக்கும் அவர்களால் 75-தான் எடுக்க முடிந்தது.

நடுவில் ஒரு இரவு நீ அழுதாய். இரண்டாவது ஆட்டம், கடைசி 2 நொடியில் கோபி மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் ஜெயித்துவிட்டது. போச்சு என்றாய். ஊருக்குத் திரும்பி வந்து மூன்று ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தார்கள். ஜூன் 15, கடைசி ஆட்டம் 100-87, பென் வாலஸுக்கு 18 புள்ளி, 22 ரீபவுண்ட். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பில்லப்ஸ், ஐந்து அணி கைமாற்றிய அந்த பில்லப்ஸ்தான். காகிதத் துண்டுகள் பறக்கிறபோது நீ தூங்கிப்போயிருந்தாய், எழுப்பினேன், கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டாய்.

சரி, இதையும் சொல்ல வேண்டும், நீ இப்போது கோச். அடுத்த வருஷம் இதே ஐந்து பேர் இறுதிப் போட்டியில் ஸ்பர்ஸிடம் ஏழு ஆட்டம் ஆடித் தோற்றார்கள். அந்த ஐந்தாவது ஆட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. கூடுதல் நேரம், பத்து நொடிகூட இல்லை, இரண்டு புள்ளி முன்னால் இருக்கிறோம். ஸ்பர்ஸின் ராபர்ட் ஹாரி பந்தை உள்ளே கொடுக்கிறார், மூலையில் அவர் அணியின் ஜினோபிலி வாங்குகிறார், ரஷீத் ஹாரியை விட்டுவிட்டு ஜினோபிலியை மடக்க ஓடுகிறார். பந்து திரும்ப ஹாரியிடம் வந்தது, மூன்று புள்ளி, 96-95. உதவிக்கு ஓடுகிற அதே பழக்கம்தான் அன்றைக்குக் கவிழ்த்தது. ரஷீத் சோம்பேறித்தனமாக ஆடித் தவறு செய்யவில்லை, உதவ வேண்டும் என்ற ஆசையில் செய்தார். அதனால் உன் பிள்ளைகளுக்கு உதவிக்குப் போ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, யாரை எப்போதும் விடக்கூடாது என்பதையும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பேர் சொல்லிச் சொல்.

நான் பந்து பிடித்து ஆடியவன் இல்லை, அதனால் டிரில் எதுவும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், செய்து பார். முதல் வாரம் பயிற்சியில் யார் எத்தனை புள்ளி என்று எழுதாதே. யார் வாய் திறந்து பேசினாள், யார் தன் ஆளை விட்டுவிட்டு உதவிக்குப் போனாள், அவள் விட்ட இடத்துக்கு யார் வந்தாள், இதை மட்டும் ஒரு நோட்டில் எழுது. ஒருவேளை இதுவரை உன் கண்ணில் படாத ஒரு பேர் அதில் திரும்பத் திரும்ப வரும்.

இரண்டு புள்ளி போட்டால் கைதட்டுகிற பெற்றோர், தடுக்கிற ஆளை மாற்றிக்கொள்கிற ஒரு நல்ல சுவிட்சுக்குக் கைதட்ட மாட்டார்கள், அந்தப் பிள்ளைக்குத் தான் செய்ததை யாரும் பார்க்கவில்லை என்று தோன்றும். நீ பார்த்தாய் என்று அன்றைக்கே சொல்லிவிடு, மறுநாள் வரை வைத்துக்கொள்ளாதே.

2004-ல் லேக்கர்ஸை ஜெயித்த அந்த ஐந்தாவது ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்த கேசட் அலமாரியில் இருந்தது. ஒரு கடையில் கொடுத்து டிஸ்க்கில் போட்டு வாங்கியிருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். இரண்டாம் பாதியைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பந்தைப் பார்க்காமல் பென் வாலஸின் காலை மட்டும் பார். பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டு.

முதல் ஆட்டத்துக்கு நானும் அம்மாவும் வருகிறோம், எட்டு மணி நேரம் கார் ஓட்டுவது எனக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை. போன வருஷம் பார்த்தபோது கட்டையாக, தலைமுடியை இரண்டு பின்னலாகப் போட்டுக்கொண்டு ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் முழுக்க உள்ளே இருந்தவர்களுக்குக் கத்திக்கொண்டே இருந்தாளே, நீகூட இரண்டு தடவை சும்மா இரு என்று அவளை அடக்கினாய். அவள் இந்த வருஷமும் இருக்கிறாளா?

அப்பா