திருப்பம் மட்டுமா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ‘தி ட்விலைட் சோன்’ என்ற அமெரிக்க விசித்திரக் கதைத் தொடர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1959 முதல் 1964 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 156 பகுதிகளின் புகழுக்கும் கடைசி நிமிடத் திருப்பங்களையே காரணமாகச் சொல்கிறார் கட்டுரையாளர். திருப்பம் தெரிந்த பிறகும் அறுபது ஆண்டுகளாக அதை மறுபடி மறுபடி பார்க்கிறார்களே, அது எதனால்? தொடரை உருவாக்கிய ராட் செர்லிங், கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் 1955-இல் அமெரிக்கத் தென்மாநிலமான மிசிசிப்பியில் வெள்ளையரால் கொல்லப்பட்டதை ஒட்டி முன்பே ஒரு தொலைக்காட்சி நாடகம் எழுதியவர். மறு ஆண்டு அது ஒளிபரப்பானபோது விளம்பரதாரருக்கு அஞ்சிக் கதைக்களம் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டிருந்தது. தென்மாநிலங்களை நினைவூட்டும் என்று கோக்க கோலா பாட்டில்கள்கூட நீக்கப்பட்டன! நேரடியாகச் சொல்ல விடாததைத்தான் பின்னர் இத்தொடரில் வேற்றுக்கிரகவாசிகளை வைத்துச் சொன்னார்.

மின்சாரம் நின்றுபோன மேப்பிள் தெருவில் அக்கம்பக்கத்தினர் ஒருவரையொருவர் சந்தேகிக்கும் 1960-ஆம் ஆண்டுப் பகுதியை, விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்ததும், “அங்க இன்வெர்ட்டர் இருக்கும் சார்” என்றான் ஒரு சிறுவன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டுக்காரர்மேல் கல்லெறியத் தொடங்கிய பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படம், ஆங்கில வசனம், இருந்தும் முடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

செர்லிங்கின் அந்தத் தணிக்கைப் போராட்டத்தைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை