வேலையற்றோர் உதவித்தொகை: நிறுத்தினால் காரணத்தை எழுதித் தாருங்கள்

பெருமதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கும், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

விளவங்கோடு வட்டத்திலுள்ள ஒரு படிப்பகத்தின் செயலாளர் நான். மாலை வேளைகளில் அரசு உதவிகளுக்கான விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது எங்கள் படிப்பகத்தின் வழக்கம். வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை உரிய காலத்தில் வந்து சேராதது பற்றியும், ஏன் வரவில்லை என்று கேட்கப் போகிறவர்கள் அலுவலக வாசலில் படும் பாடு பற்றியும் இம்மடலை எழுதுகிறேன்.

திட்டத்தின் விதிகள் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருந்தவர்களுக்கு, பத்தாம் வகுப்பில் தவறியிருந்தால் மாதம் 200 ரூபாய், தேறியிருந்தால் 300, மேல்நிலைக் கல்விக்கு 400, பட்டத்துக்கு 600 என்று கணக்கிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. மூன்றாண்டுகளுக்கு மேல் கிடையாது. ஆக, ஒரு பட்டதாரிக்கு இத்திட்டம் தரக்கூடிய மொத்தத் தொகையே 21,600 ரூபாய்தான். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. மாதம் 6,000 ரூபாயில் ஒரு குடும்பம் எப்படி நடக்கும் என்பது தனி வழக்கு. அதை இங்கே எடுக்கவில்லை.

நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். பட்டதாரியின் ஒரு மாத உதவித்தொகை அந்த வேலையின் இரண்டு நாள் கூலிக்கும் குறைவு. இவ்வளவு சிறிய தொகை தாமதமானால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. படித்த படிப்புக்கு ஏற்ற வேலைதான் உள்ளூரில் இல்லை. பட்டம் பெற்றவர் விடிவதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்விட்டு, பகலில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். ஆனி, ஆடி மழையில் பால்வெட்டு நின்றுவிட்டால் கையில் காசு புரள்வதில்லை. ஜூலையில் வரவேண்டிய 1,800 ரூபாய் அந்த நேரத்தில் தேர்வுக் கட்டணமாகவும் மளிகைக் கடைப் பாக்கியாகவும் கணக்கில் ஏறியிருக்கும். ஒரு காலாண்டு தவறினால் அந்தக் கணக்கு முழுவதும் குலைந்துபோகிறது.

நான் பார்த்தவரையில் தாமதம் பெரும்பாலும் கருவூலத்தில் தொடங்குவதில்லை. விண்ணப்பத்தில் வருவாய் ஆய்வாளரின் கையொப்பம் வேண்டும். அவரோ பட்டா மாறுதல், வெள்ளச் சேதம், வாக்காளர் பட்டியல் என்று எப்போதும் களத்தில் இருப்பவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் எந்த நாளில், எந்த நேரத்தில் இருக்கையில் இருப்பார் என்று எழுதிய தாள் ஒன்று கதவில் ஒட்டப்பட்டிருந்தால், மலையோரப் பத்துகாணியிலிருந்தும் கடலோர நீரோடியிலிருந்தும் வருகிறவர்கள் பூட்டிய அறையைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்காது. கட்டணமில்லாப் பேருந்து இருப்பதால் பெண்களுக்கு அலைச்சல் மட்டும்தான். ஆண்களுக்கு அலைச்சலோடு காசும் போகிறது.

அடுத்தது, இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் தர வேண்டிய சுய உறுதிமொழி ஆவணம். இதைத் தரத் தவறியவர்களுக்குத் தொகை நின்றுவிடுகிறது. நின்றுவிட்டது என்பதை அவர்கள் தெரிந்துகொள்வதோ, வங்கியில் பாஸ்புத்தகம் பதியும்போது பழைய வரவுக்குக் கீழே எதுவும் அச்சாகாமல் வருவதைக் கண்டுதான். கைப்பேசி எண்ணை விண்ணப்பத்தில் வாங்கிவைத்திருக்கும் துறை, ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். எங்கள் பகுதியிலுள்ள ஓர் அலுவலகத்தில் உறுதிமொழியை நேரில் கொடுத்த ஒரு பெண்ணுக்கு ஒப்புகைச் சீட்டு தரப்படவில்லை. பிறகு அந்த ஆவணமே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை, ஏனென்றால் ஒப்புகை தராமல் வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை ஓர் அலுவலகத்தின் மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

மாற்றுத்திறனாளிகளின் நிலை இன்னும் கடினமானது. பதிந்து ஓராண்டு முடிந்தாலே தகுதி, வருமான வரம்பு இல்லை, பத்தாண்டுகள் வரை தொகை என்று விதிகள் அவர்களிடம் கனிவாகவே நடந்துகொள்கின்றன. கட்டடங்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. கையொப்பம் இடுபவர் மாடியில் இருக்கிறார், சாய்தளம் முன்வாசலோடு முடிந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் எல்லோரும் அணுகும்படி மாற்றச் சொல்கிறது. விதிகள் 2017இல் வந்தன. கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. மின்தூக்கி வரும்வரை, வாரத்தில் ஒரு நாள் அந்த அலுவலர் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டு அமரத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாமே என்று கூறப்படுகிறது. கொடுக்கிறார்கள். எந்த அலுவலகத்தைப் பற்றிய மனுவோ, அது அந்த அலுவலகத்துக்கே அனுப்பப்படுகிறது, அங்கிருந்து ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்ற ஒரு வரி வருகிறது, மனு முடிக்கப்பட்டதாகிறது. என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில், பணம் எப்போது வரும் என்பவை அந்த வரியில் இருப்பதில்லை. களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில் சேவை உரிமைச் சட்டம், எந்தச் சேவையை எத்தனை நாளில் தர வேண்டும் என்று அறிவிக்கவும், தாமதித்த அலுவலருக்கு அபராதம் விதிக்கவும் வழி செய்கிறது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்பவர் கையில் ஒரு கெடுத் தேதியாவது இருக்கிறது.

சட்டம் இயற்றுவது தங்கள் அதிகாரத்தில் இல்லை என்பதை அறிவேன். தங்களால் ஆகக்கூடியதையே கேட்கிறேன். விண்ணப்பமோ உறுதிமொழியோ பெறும்போது தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகை தர உத்தரவிடுங்கள். தொகையை நிறுத்தினால், அந்தக் காலாண்டு முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கச் செய்யுங்கள். காரணம் சரிசெய்யப்பட்டால் விடுபட்ட மாதங்களுக்கும் சேர்த்துத் தர ஆவன செய்யுங்கள். ஒவ்வொரு குறுவட்டத்திலும் வருவாய் ஆய்வாளர் மக்களைச் சந்திக்கும் நாளை நிர்ணயித்து அறிவியுங்கள்.

இதற்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டியதில்லை. மாவட்டத்தின் ஆறு வட்டாட்சியர் அலுவலகங்களிலும், கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஒரு படிப்பகச் செயலாளர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்